சர்க்கஸ் கோமாளி கற்பிக்கும் பாடம்

சர்க்கஸ் கூடாரத்துக்குள் நுழைந்ததும் நம் கண்கள் முதலில் தேடுவது யாரை? உயரத்தில் பார் விளையாடும் வீரர்களையா? ஒற்றைச் சக்கர சைக்கிளில் வட்டமிடும் வீராங்கனையையா? இல்லை. சிவப்பு மூக்கும் தொளதொளத்த சட்டையும் அளவுக்கு மீறிய பூட்ஸுமாக வந்து, தன் காலே தன்னைத் தடுக்கித் தொபுக்கென்று விழுகிறாரே, அந்தக் கோமாளியைத்தான். அவர் விழுந்தால் சிரிக்கிறோம். எழுந்தால் கை தட்டுகிறோம். வீடு திரும்பும் வழியில், "பாவம், மற்றவர்களைப் போல வித்தை ஒன்றும் தெரியாததால்தான் கோமாளி வேடம் போட்டிருக்கிறார்" என்று பேசிக்கொள்வோரும் நம்மில் உண்டு.

உண்மை இதற்கு நேர்மாறானது. கம்பியில் நடக்கத் தெரியாதவர் கம்பியிலிருந்து விழுந்தால் அது விபத்து. நடக்கத் தெரிந்தவர், விழுவது போலத் தடுமாறி, விழாமல் தப்பி, பின்பு எலும்பு முறியாமல் விழுந்தும் காட்டினால் அது கலை. மற்றவர் ஒரு வித்தையைக் கற்றால் போதும். கோமாளி அந்த வித்தையையும் கற்க வேண்டும், அதைத் தவறாகச் செய்யவும் கற்க வேண்டும். ஆகவே சர்க்கஸ் கலை எப்படித் தோன்றியது, நம் நாட்டில் அதைக் கற்பித்தவர் யார், அந்தப் பயிற்சியின் நுட்பம் என்ன, அதற்காக யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் மண்ணின் கூத்தர்கள்

சர்க்கஸ் என்ற சொல் நமக்கு வெளியிலிருந்து வந்தது. ஆனால் அதில் காணும் வித்தைகள் நமக்குப் புதியவை அல்ல. மூங்கிற் கழை நட்டு, கயிறு கட்டி, அதன்மேல் ஆடிய கழைக்கூத்தர் சங்க காலத்திலேயே தமிழகத்தில் இருந்தனர். நற்றிணையில் வரும் ஒரு பாடல், ஆடுமகள் நடந்து காட்டிய முறுக்குக் கயிற்றின்மேல் பின்னர் ஒரு குரங்குக் குட்டி ஏறி ஆடுவதையும், அதைக் கண்ட குறச் சிறுவர்கள் தாளம் கொட்டுவதையும் காட்டுகிறது. கயிற்றின்மேல் நடந்தவள் ஒரு பெண் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காவிரிப்பூம்பட்டினத்தில் மாதவி ஆடியதாகச் சிலப்பதிகாரம் கூறும் பதினோர் ஆடல்களுள் மரக்கால் ஆடலும் ஒன்று. காலில் கட்டைகளைக் கட்டிக்கொண்டு, குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டி, நையாண்டி மேளத்துக்கேற்ப ஆடும் பொய்க்கால் குதிரையாட்டம் இன்றும் தஞ்சைத் தரணிக்குப் பெயர் வாங்கித் தருகிறது. ஒரு கட்டைக் காலை ஊன்றி மறு கட்டைக் காலைத் தூக்கி ஆடும் அந்தக் கலைஞர், சர்க்கஸில் நெட்டைக் கால் கட்டி நடப்பவருக்கு உறவினரே. பெண்கள் வட்டமாக அமர்ந்து பல காய்களை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடித்து ஆடிய அம்மானை விளையாட்டோ, பந்துகளை எறிந்து பிடிக்கும் சர்க்கஸ் வித்தையின் மூத்த சகோதரி எனலாம்.

கோமாளியும் நமக்குப் பழையவரே. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து, அரசன் வருவதை அறிவிப்பான். அதே மூச்சில் அரசனைக் கேலியும் செய்வான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் வந்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். தஞ்சைக்கு அருகிலுள்ள மெலட்டூரில் ஆண்டுதோறும் நடைபெறும் பாகவத மேளாவில், மற்ற வேடங்கள் எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கோணங்கி என்னும் விகட வேடம் அரங்கில் நுழைகிறது. கூர்த்த குல்லாயுடன் குதித்தாடி வந்து, சபையை அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொள்வது கோணங்கியின் வேலை. பெரியதொரு கதைக்கு வாசலைத் திறந்து வைக்கும் பொறுப்பைக் கோமாளியிடம் ஒப்படைத்த நம் முன்னோரின் அறிவை என்னென்பது!

வட்டம் பிறந்த வரலாறு

இன்று நாம் காணும் சர்க்கஸின் தந்தை என்று ஆங்கிலேயரான பிலிப் ஆஸ்ட்லியைக் கூறுவர். குதிரைப் படையில் பணியாற்றிய இவர் 1768-ஆம் ஆண்டு இலண்டனில் குதிரைச் சாகசங்களைக் காட்டத் தொடங்கினார். நேர்க்கோட்டில் ஓடும் குதிரையை விட, வட்டத்தில் ஓடும் குதிரையின் முதுகில் எழுந்து நிற்பது எளிது என்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். வட்டத்தில் ஓடும்போது சற்று உட்புறமாகச் சாய்ந்து நின்றால் உடல் நிலைகொள்கிறது. வளைவில் திரும்பும் சைக்கிளை நாம் உட்புறம் சாய்ப்பதும் இதனால்தான். வட்டம் மிகச் சிறியதானால் குதிரை சீராக ஓட முடியாது. மிகப் பெரியதானால் அந்தச் சாய்வின் பயன் குறைந்துவிடும். ஆஸ்ட்லி முடிவில் கண்டறிந்த அளவு 42 அடி விட்டம். உலகெங்கும் சர்க்கஸ் வட்டம் ஏறத்தாழ அதே அளவில் இன்றும் அமைக்கப்படுகிறது.

ஆஸ்ட்லியின் நிகழ்ச்சிகளில் மக்கள் பெரிதும் விரும்பிய ஒன்று, குதிரையேறத் தெரியாத தையற்காரர் ஒருவர் அவசரமாக வெளியூர் புறப்படும் காட்சி. அவர் ஏறுவார், மறுபக்கம் விழுவார். குதிரை நிற்கும், பிறகு அவரையே துரத்தும். அந்தத் தையற்காரராக நடிக்கத் தலைசிறந்த குதிரை வீரர் ஒருவரால்தான் முடியும். சர்க்கஸ் பிறந்த அன்றே கோமாளியும் உடன் பிறந்துவிட்டார் என்பதும், அவர் வித்தை தெரியாதவர் அல்லர் என்பதும் இதனால் விளங்குகின்றன.

அதே இலண்டன் நகரில் 1778-இல் பிறந்தவர் ஜோசப் கிரிமால்டி. இவர் ஆடியது நாடக மேடையில்தான். என்றாலும் முகத்துக்கு வெள்ளை பூசி, கன்னத்தில் செந்நிறம் தீட்டும் கோமாளிக் கோலத்துக்கு இவரே முன்னோடி. ஓயாமல் விழுந்தும் புரண்டும் குதித்தும் ஆடியதால் இவருடைய மூட்டுகள் தளர்ந்தன. ஐம்பது வயது நிறையுமுன்பே மேடையை விட்டு விலக நேர்ந்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இவருடைய நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1838-இல் வெளியிட்டார். இன்றும் பிப்ரவரி மாத முதல் ஞாயிற்றுக்கிழமை இலண்டனில் கோமாளிகள் தங்கள் வேடத்துடனேயே தேவாலயத்தில் கூடி, இவரை நினைந்து வழிபடுகின்றனர்.

ஒவ்வொரு கோமாளிக்கும் தம் முகக்கோலம் தமக்கே உரியது. ஒருவருடைய கோலத்தை மற்றவர் எடுத்துக்கொள்வது தகாது. அதனால் இங்கிலாந்தில் 1946-ஆம் ஆண்டு முதல் கோமாளிகளின் முகங்களை முட்டை ஓடுகளில் வரைந்து பாதுகாக்கும் வழக்கம் ஏற்பட்டது. எவ்வளவு விழுந்தாலும் உடையாத மனிதரின் முகம், தொட்டால் உடையும் முட்டையில் இருப்பது விந்தையன்றோ!

இந்திய சர்க்கஸின் ஆசான்

சியாரினி என்ற இத்தாலியரின் சர்க்கஸ் 1879-ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தது. அதைக் கண்டு மனம் பறிகொடுத்தவர்களுள் ஒருவர் விஷ்ணுபந்த் சாத்ரே. மராட்டிய நாட்டின் குருந்வாட் சமஸ்தானத்தில் குதிரைகளைப் பழக்கும் பணியில் இருந்தவர் இவர். இந்தியர்களால் சர்க்கஸ் நடத்த முடியாது என்ற பேச்சைப் பொய்யாக்க வேண்டும் என உறுதி பூண்டு, மறு ஆண்டே, 1880 மார்ச் மாதத்தில், இந்தியாவின் முதல் சர்க்கஸ் குழுவைத் தொடங்கிக் காட்டினார். தொடர்ந்து வங்காளத்தில் பிரியநாத் போஸ் கிரேட் பெங்கால் சர்க்கஸைத் தோற்றுவித்தார். அக்குழுவில் சுசீலா சுந்தரி என்ற பெண்மணி புலிகளுடன் கூண்டுக்குள் நின்று மக்களை வியக்க வைத்தார். பெண்கள் வாயிற்படி தாண்டுவதே குற்றமெனக் கருதப்பட்ட காலம் அது!

சாத்ரேயின் குழு மலபார்க் கரையிலுள்ள தலைச்சேரிக்கு வந்தபோது, அங்கே பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். களரிப் பயிற்று அறிந்தவர். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குச் சென்றார்கள். அவரோ, "இந்த வித்தைகளை நம் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பித்தால் என்ன?" என்று எண்ணினார். 1901-ஆம் ஆண்டு தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் ஒரு சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அவருடைய மாணவர் பரியாளி கண்ணன் 1904-இல் மலபார் கிராண்ட் சர்க்கஸைத் தொடங்கினார். பின்னர்க் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. கயிற்றின்மேல் கரணமடித்து ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வியப்பில் ஆழ்த்திய கண்ணன் பொம்பாயோ தலைச்சேரி மண்ணில் உருவானவரே. 1951-இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கி, 2023-ஆம் ஆண்டு தமது 98-ஆம் வயதில் மறைந்த ஜெமினி சங்கரன் சிறு வயதில் கீலேரியிடம் பயின்றவர். 1939-இல் கீலேரி மறைந்த பிறகும் அவருடைய மாணவர் எம்.கே. ராமன் பயிற்சியைத் தொடர்ந்து நடத்தினார். இந்திய சர்க்கஸின் தொட்டில் என்று தலைச்சேரிக்குப் பெயர் வந்தது, அங்கே பெரிய கூடாரம் இருந்ததால் அன்று. நல்லதோர் ஆசிரியர் இருந்ததால்!

நம்மூருக்கு ஓர் உறவு

திருத்துறைப்பூண்டிக்கும் சர்க்கஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. ஆனந்த விகடன் இதழை வளர்த்தவரும் ஜெமினி ஸ்டூடியோவை நிறுவியவருமான எஸ்.எஸ். வாசன் நம் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். அவர் தயாரித்து இயக்கி 1948-இல் வெளியிட்ட 'சந்திரலேகா' திரைப்படத்தை முரசு நடனத்துக்காகப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படத்தில் கதையை நடத்திச் செல்வதில் சர்க்கஸுக்கும் பெரும் பங்குண்டு. குகைக்குள் அடைக்கப்பட்ட இளவரசனை, வழியில் வரும் சர்க்கஸ் குழுவின் யானைகளைக் கொண்டு கதாநாயகி மீட்கிறாள். பின்பு அந்தக் குழுவிலேயே சேர்ந்து தானும் வித்தை காட்டுகிறாள். இக்காட்சிகளுக்காக வாசன் கமலா சர்க்கஸ், பரசுராம் லயன் சர்க்கஸ் என்ற உண்மையான குழுக்களைப் பயன்படுத்தினார். டி.ஆர். ராஜகுமாரி கதாநாயகியாகவும், சுந்தரிபாய் சர்க்கஸ் பெண்ணாகவும், என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நகைச்சுவைப் பாத்திரங்களிலும் நடித்தனர். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தவர், கூடாரத்துக்குள் நடக்கும் கலையை இந்தியா முழுவதும் திரையில் காணச் செய்தார் என்பது நமக்குப் பெருமை.

முதற்பாடம்: விழுவது

இனிப் பயிற்சிக்கு வருவோம். சர்க்கஸில் சேரும் புதியவருக்கு முதலில் என்ன கற்பிப்பார்கள்? பாய்வதையா, பறப்பதையா? இரண்டும் இல்லை. விழுவதைத்தான் கற்பிப்பார்கள். மெத்தை விரித்த தரையில் முன்னாலும் பின்னாலும் உருளுதல், குட்டிக்கரணம், தோளால் புரளுதல் ஆகியவையே அரிச்சுவடி. கைகளை விறைப்பாக ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். உடலை உருண்டையாக்கி உருண்டால் அடி உடலெங்கும் பரவிக் குறைந்துவிடும்.

இதன் காரணத்தை நம் இயற்பியல் பாடமே சொல்கிறது. ஓடி வரும் பொருளை நிறுத்த எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறோமோ, அவ்வளவுக்கு அதன்மீது செயல்படும் விசை குறைகிறது. பந்தைப் பிடிக்கும் கிரிக்கெட் வீரர் கைகளைப் பின்னுக்கு இழுப்பது இதற்காகவே. கட்டாந்தரையில் குதித்தால் வலிக்கிறது. களத்து மேட்டில் வைக்கோற்போரின்மேல் குதித்தால் வலிப்பதில்லை. பார் விளையாட்டில் கீழே கட்டியிருக்கும் வலையும் வைக்கோற்போரின் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அந்த வலையிலும் விழும் முறை தெரியாதவர் விழக்கூடாது. கால்களை ஊன்றியோ குப்புறவோ விழுந்தால் கால் பிசகும், கழுத்துக்கும் ஆபத்து. முதுகு முழுவதும் ஒருசேர வலையில் படும்படி விழ வேண்டும். அதனால்தான் பாரைப் பிடிக்கப் பழகுமுன் வலையில் விழப் பழக்குகிறார்கள்.

பறக்கும் பார் வித்தையை 1859-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் முதன்முதல் காட்டியவர் ஜூல்ஸ் லியோட்டார். அவருடைய தந்தை உடற்பயிற்சிக் கூடமும் நீச்சற் குளமும் நடத்திவந்தார். மகன் அந்தக் குளத்து நீருக்கு மேலே பாரைத் தொங்கவிட்டுப் பழகினார். பிடி தவறினால் தண்ணீரில் விழுவார். கரையேறி மறுபடியும் முயல்வார். ஆற்றுப் படித்துறையிலிருந்து குதித்து நீச்சல் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது புரியாததன்று. விழுவதற்கு அஞ்ச வேண்டாத இடம் கிடைத்தால்தான் பறப்பதற்குத் துணிவு பிறக்கும்.

கம்பியில் நடப்பவர் கையில் நீண்ட கழி ஏன்? கனமான நீண்ட கழியை ஒருபுறமாகத் திருப்புவது எளிதன்று. இதையே நிலைமத் திருப்புத்திறன் என்று படிக்கிறோம். கழி இருப்பதால் உடல் சட்டென்று சாயாமல் மெல்லச் சாய்கிறது. அதைச் சரிசெய்து கொள்ள நடப்பவருக்கு ஒரு கணம் கிடைக்கிறது. கழியின் இரு முனைகளும் வளைந்து தாழ்ந்திருந்தால் ஈர்ப்பு மையமும் கீழே இறங்கி உதவுகிறது. சூத்திரம் எழுதத் தெரியாத கழைக்கூத்தர் இந்த உண்மையைத் தம் உள்ளங்காலால் அறிந்திருந்தனர்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். புதிய கரணத்தைப் பழகுபவரின் இடுப்பில் வார்ப்பட்டை கட்டி, அதிலிருந்து செல்லும் கயிற்றை ஆசிரியர் பிடித்துக்கொள்வார். தவறினால் கயிறு தாங்கும். நாட்கள் செல்லச் செல்லக் கயிறு தளரும். ஒரு நாள் கயிறே இல்லாமல் மாணவர் கரணமடித்து நிற்பார். எப்போது இறுக்கிப் பிடிப்பது, எப்போது விட்டுவிடுவது என்று அறிந்தவரே ஆசிரியர். இது சர்க்கஸுக்கு மட்டுமா பொருந்தும்?

கோமாளி ஆவது எப்படி?

இத்தனையும் கற்ற பிறகே கோமாளிப் பயிற்சி. கோமாளி அறை வாங்கும் காட்சியைக் கவனித்திருக்கிறோமா? பளாரென்று ஓசை கேட்கிறது. கன்னத்தில் கை படுவதே இல்லை. அறை வாங்குபவரே அந்த நொடியில் தம் கைகளைத் தட்டிக்கொள்கிறார். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் சிரிப்பு வராது. காலம் தவறாமைதான் கோமாளிக் கலையின் உயிர்நாடி.

ஐரோப்பிய சர்க்கஸில் கோமாளிகள் பெரும்பாலும் இருவராக வருவர். வெள்ளை முகக் கோமாளி மிடுக்கானவர், எல்லாம் தெரிந்தவர் போலக் கட்டளையிடுவார். சிவப்பு மூக்குக் கோமாளி எதைத் தொட்டாலும் கெடுத்துவிடுவார். முடிவில் வெல்பவரும் அவரே. சார்லி சாப்ளின் 1928-இல் வெளியிட்ட 'தி சர்க்கஸ்' படத்துக்காகக் கம்பியில் நடக்கவே பழகினார். அப்படத்தில் வரும் ஏழை மனிதன், தன்னை அறியாமல் செய்யும்போது எல்லோரையும் சிரிக்க வைக்கிறான். சிரிக்க வைத்துக் காட்டு என்றால் விழிக்கிறான். கோமாளிக் கலை எத்தனை கடினம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இங்கே நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. நம் நாட்டு சர்க்கஸ்களில் உயரம் குறைந்தவர்களே பெரும்பாலும் கோமாளிகளாக இருந்துவந்தனர். வேறெங்கும் வேலை கிடைக்காத அவர்களுக்குக் கூடாரம் சோறு போட்டது உண்மை. ஆயினும் ஒருவருடைய உருவத்தைக் கண்டு சிரிப்பது வேறு. அவருடைய திறமையைக் கண்டு சிரிப்பது வேறு. முதலாவது ஏளனம், இரண்டாவது பாராட்டு. இந்த வேறுபாட்டை அறிந்து சிரிப்பதே நற்பண்பு.

சிறுவர்களை மகிழ்வித்து நல்வழிப்படுத்திய புனிதர் ஜான் போஸ்கோவை நாம் அறிவோம். 1815-இல் இத்தாலியில் பிறந்த அவர், சிறுவனாக இருந்தபோது சந்தைகளில் வித்தை காட்டுவோரை உற்றுநோக்கி, தாமும் கயிற்றில் நடக்கவும் கரணமடிக்கவும் பழகினார். ஊர்ச் சிறுவரும் பெரியவரும் கூடினால் வித்தை காட்டுவார். இடையில் ஜெபமாலை சொல்லி, கோவிலில் கேட்ட பிரசங்கத்தைத் திரும்பச் சொல்வார். மகிழ்ச்சியின் வழியாக மனத்தைத் தொடலாம் என்பதை அந்தச் சிறுவன் அன்றே கண்டுகொண்டான்.

கூடாரத்தின் மறுபக்கம்

ஒளியுள்ள இடத்தில் நிழலும் உண்டு. சர்க்கஸ் உடல் வளையும் இளம் வயதினரைத் தேடியது. வறுமையால் வாடிய பெற்றோர் சிலர், ஒப்பந்தம் எழுதித் தம் பிள்ளைகளை அனுப்பினர். மலபாரின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பலர் சென்றனர். பிற்காலத்தில் நேபாளத்திலிருந்தும் சிறுமியர் அழைத்துவரப்பட்டனர். புகழும் வருவாயும் பெற்று மதிப்புடன் வாழ்ந்தோர் அவர்களுள் உண்டு. ஆனால் நம் வயதில் புத்தகப் பையைத் தொடாமலே வளர்ந்து, விருப்பம் இல்லாதபோதும் வெளியேற வழியின்றித் தவித்தோரும் உண்டு. அந்தச் சிறுமியின் கரணத்துக்குக் கை தட்டியவர்களுள் எத்தனை பேர், "இந்தக் குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறாள்?" என்று கேட்டிருப்பார்கள்?

அந்தக் கேள்வி கடைசியில் நீதிமன்றத்தில் எழுந்தது. 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 2011 ஏப்ரல் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்க்கஸ்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்து அறிவிக்கை வெளியிடுமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, திரைப்படம், விளையாட்டு முதலியவற்றில் குழந்தைகள் பங்கேற்கச் சில நிபந்தனைகளுடன் இடமளிக்கப்பட்டது. சர்க்கஸுக்கு மட்டும் அந்த விலக்கு அளிக்கப்படவில்லை.

விலங்குகளுக்கும் விடுதலை கிடைத்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டுவதை 1998-ஆம் ஆண்டு அறிவிக்கை தடைசெய்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பெற்றோர்கள் தம் இளமையில் கண்ட சிங்கக் கூண்டு இன்றைய கூடாரத்தில் இல்லை.

இவை நியாயமானவையே. ஆனால் இதனால் ஒரு சிக்கலும் எழுந்தது. முன்பு ஏழு எட்டு வயதில் தொடங்கிய பயிற்சி இனி எங்கே, எப்போது தொடங்கும்? பழைய கலைஞர்கள் ஓய்வுபெற்றால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? கேரள அரசு 2010-இல் தலைச்சேரியில் ஒரு சர்க்கஸ் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது செயலற்றுப் போயிற்று. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, கூடாரம் அடித்த இடத்திலேயே கலைஞர்கள் வருமானமின்றித் தவித்தனர்.

வழி இருக்கிறதா?

குழந்தையின் கல்வியா, கலையின் வாழ்வா என்று கேட்டால், கல்விதான் என்று தயங்காமல் கூறுவோம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது? மாஸ்கோவில் 1927-ஆம் ஆண்டிலேயே அரசு சர்க்கஸ் பள்ளி தொடங்கப்பட்டது. புகழ்பெற்ற கோமாளிக் குடும்பத்தில் பிறந்த ஆன்னி ஃபிராடெல்லினி என்ற பெண்மணி, தாமே சிவப்பு மூக்கு அணிந்து கோமாளியாகப் பெயர் பெற்றார். 1970-களில் பாரிஸ் நகரில் ஒரு சர்க்கஸ் பள்ளியையும் நிறுவினார். கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1981 முதல் தேசிய சர்க்கஸ் பள்ளி இயங்குகிறது. பரம்பரையாகத் தந்தை மகனுக்கு மட்டும் சொல்லித்தந்த வித்தை, விரும்பி வருவோர் எவரும் படிப்புடன் சேர்த்துக் கற்கும் பாடமாயிற்று.

நம் அண்டை நாடான நேபாளத்தில் நடந்தது நெஞ்சை நெகிழ்விக்கிறது. சிறு வயதில் இந்திய சர்க்கஸ்களுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்பு மீட்கப்பட்ட இளைஞர் சிலர், வளர்ந்த பின் தாங்களே விரும்பி 'சர்க்கஸ் காட்மாண்டு' என்ற குழுவில் ஒன்றுசேர்ந்தனர். கட்டாயத்தால் கற்ற வித்தையை விருப்பத்தால் செய்தபோது, அதே கரணம் வேறு பொருள் பெற்றுவிட்டது. விழுந்த இடத்திலிருந்தே எழுந்து காட்டியவர்கள் அவர்கள்.

கீலேரி குஞ்ஞிக்கண்ணன் யார் என்பதை மீண்டும் நினைவுகூர்வோம். அவர் ஒரு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். இந்திய சர்க்கஸ் கலையின் வேர் ஒரு பள்ளி விளையாட்டுத் திடலில் இருக்கிறது. அது மறுபடியும் தழைக்க வேண்டுமானால் அங்கேதான் தழைக்க வேண்டும். உடற்பயிற்சி வேளையில் கரணமும் சமநிலைப் பயிற்சியும் கற்கும் மாணவி, படிப்பை முடித்து, பதினெட்டு வயது நிறைந்தபின் தானே முடிவு செய்து கூடாரத்துக்குச் செல்லட்டும். செல்லாமல் மருத்துவராகவோ ஆசிரியையாகவோ ஆகட்டும். கற்ற துணிவு வீண்போகாது.

முடிவுரை

யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. சறுக்காதவர் யாருமில்லை. தேர்வில் மதிப்பெண் குறைந்தால், போட்டியில் பரிசு தவறினால், உலகமே முடிந்துவிட்டது போல அழுது ஒடுங்கும் பிள்ளைகளை நாம் காண்கிறோம். அவர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தோம், வெல்லக் கற்றுக்கொடுத்தோம், விழக் கற்றுக்கொடுத்தோமா? சர்க்கஸ் ஆசிரியர் அந்தப் பாடத்தையே முதலில் வைக்கிறார். கீழே வலை கட்டுகிறார், இடுப்பில் கயிறு கட்டுகிறார், பிறகு "குதி" என்கிறார். பெற்றோரின் பரிவும் ஆசிரியரின் பொறுமையும் பிள்ளைகளுக்கு வலையாகவும் கயிறாகவும் அமைய வேண்டும். தவறியதற்காக ஏளனம் செய்யும் வீட்டிலும் பள்ளியிலும் எந்தப் பிள்ளையும் உயரப் பறக்கத் துணியாது.

தோழியரே! அடுத்த முறை நம் பக்கத்து ஊர்களில் எங்கேனும் சர்க்கஸ் கூடாரம் எழுந்தால், குடும்பத்துடன் சென்று காண்போம். கோமாளி விழும்போது வாய்விட்டுச் சிரிப்போம். அதற்காகத்தான் அவர் விழுகிறார். அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி வணங்கும்போது, அந்த ஒரு விழுதலுக்குப் பின்னே எத்தனை ஆண்டுப் பயிற்சி இருக்கிறது என்பதை நினைந்து, மற்ற எவருக்கும் தட்டியதை விடப் பலமாகக் கை தட்டுவோம்.